புதுப் பல் செட் போட்டுப் பழகுவது எப்படி: முதல் நாளிலிருந்து ஆறு வாரம் வரை

என் மாமியார் பல் செட் கட்டிய பிறகு 9 வருடம் இருந்தார். அந்த 9 வருடத்தில் செட் அவர் வாயில் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. மற்ற நாளெல்லாம் அது அலமாரியில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கிடந்தது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிற நேரத்துக்கு மட்டும் வெளியே வரும். "உறுத்துது புள்ள" என்பார். திரும்ப டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் என் முறை வந்தது. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு, பல் ஒவ்வொன்றாக ஆடி, 61 வயதில் மேலும் கீழும் முழு செட். நாங்கள் மணப்பாறைப் பக்கம் முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கிற குடும்பம். ஒவ்வொரு ஈட்டிலும் முதல் முறுக்கைக் கடித்துப் பதம் சொல்வது 30 வருடமாக என் வேலை. அப்படிப்பட்டவள் வாயில் பல் இல்லையென்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் என் செட்டை பாட்டிலில் போடக் கூடாது என்று பிடிவாதமாகப் பழகினேன். அந்தப் பழக்கத்தைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன். கழற்றி மாட்டுகிற அக்ரிலிக் (ஒரு வகை பிளாஸ்டிக்) முழு செட்டைப் பற்றித்தான் பேச்சு. பாதி செட் போடுகிறவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்குக் கண்ணாடியை மாட்டினால் அந்த நிமிடமே எழுத்து தெரியும். பல் செட் அப்படியில்லை, தையல் மிஷின் மாதிரி. மிஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கால் பழகாமல் தையல் நேராக வராது. இதில் பழக வேண்டியது நாக்கும் கன்னமும்.

செட் கைக்கு வரும் முன்னால்

பல் எடுத்ததும் ஈறு ஆற வேண்டும். சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். பல் எடுத்த அன்றே மாட்டுகிற செட்டும் உண்டு. பல்லில்லாத முகத்தோடு வெளியே போக வேண்டாம் என்பது அதில் லாபம். ஆனால் பல் எடுத்த முதல் ஆறு மாதத்தில் எலும்பு வேகமாகக் கரையும், ஈறும் சுருங்கும். அதனால் அந்த செட் சீக்கிரமே தொளதொளத்துப் போகும், உள்பக்கத்தை நிரப்பவோ மாற்றவோ வேண்டிவரும். இது தெரியாமல், "ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருந்து கட்டுகிற செட்டுக்கு ஏறக்குறைய ஐந்து முறை போக வேண்டும். முதலில் பொதுவாக ஓர் அளவு, அடுத்து ஓரமெல்லாம் நுணுக்கமாக இன்னோர் அளவு (அந்தப் பசையில் கிராம்பு எண்ணெய் கலந்திருந்தால் பிரியாணிக் கடை வாசனை அடிக்கும்), அப்புறம் மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிச் சேர்கின்றன என்று கடி அளவு, பிறகு மெழுகில் பல்லைப் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட்.

இதில் மெழுகில் வைத்துப் பார்க்கிற நாள்தான் முக்கியம். அன்றைக்குப் பல்லின் நிறம், நீளம், வரிசை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அக்ரிலிக் ஆகிவிட்டால் முடியாது. பல் தெரியச் சிரித்த பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள். உண்மையை முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒருவரையும் கூட்டிப் போங்கள். நான் வெள்ளை வெளேரென்று கேட்டேன். என் மருமகள் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, "அத்தை, விளம்பரத்துல வர்றவங்க மாதிரி இருக்கீங்க" என்றாள். அது பாராட்டு இல்லை என்று புரிந்து, கொஞ்சம் மஞ்சள் கலந்த நிறத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உறுத்தினா எத்தனை தடவை வந்து சரி பண்ணிக்கலாம், அதுக்குத் தனியா காசு உண்டா?" விலையைக் குறைத்துக் கேட்பதைவிட இந்தக் கேள்விதான் உதவும். தனியாரில் கட்ட வசதியில்லாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது, புதுக்கோட்டையிலும் இருக்கிறது. அங்கே பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நடை கூடுதலாக இருக்கும், செலவு ரொம்பக் குறைவு.

முதல் நாள்

வாய்க்குள் முழுக் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசச் சொன்னது போல இருக்கும். உதடு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். கண்ணாடியைப் பார்த்தால் வேறு யாரோ தெரிவார்கள். பல் இல்லாத முகம் உள்ளே ஒட்டிப் போயிருந்ததுதான் காரணம். சில வாரத்தில் தசை தளர்ந்து முகம் இயல்புக்கு வந்துவிடும்.

எச்சில் ஊற்றெடுக்கும். புதிதாக வந்திருக்கும் பொருளை வாய் சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறது. துப்பாதீர்கள், விழுங்குங்கள். துப்பத் துப்பக் கீழ் செட் கிளம்பி வரும். இந்த எச்சில் தொல்லை சில நாளிலிருந்து இரண்டொரு வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு மேல் செட்டின் பின் ஓரம் தொண்டைப் பக்கம் பட்டுக் குமட்டும். மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் தணியும். சர்க்கரை இல்லாத மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாலும் விழுங்குகிற பழக்கம் வரும். ஒரு வாரம் ஆகியும் குமட்டல் நிற்கவில்லையென்றால் பின் ஓரம் நீளமாக இருக்கலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் செட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மேல் செட்டை உள்ளே வைத்து, கட்டை விரலால் அண்ணத்தில் அழுத்துங்கள். கீழ் செட்டை இரண்டு ஆள்காட்டி விரலாலும் இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். வாயில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற குறுக்கு வழி வேண்டாம். சரியாக உட்காராத செட்டைக் கடித்தால் விரிசல் விடும், ஈறும் நசுங்கும். கழற்றும்போது மேல் செட் விடாமல் பிடித்துக்கொண்டால் வாயை மூடிக்கொண்டு பலூன் ஊதுவது போலக் கன்னத்தை உப்பவைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் விரலைப் பின்பக்க ஓரத்தில் கொடுத்துக் கீழே இழுங்கள். காற்று உள்ளே போனதும் தானாகக் கழன்றுவிடும்.

மேல் செட் ஏன் அப்படிப் பிடிக்கிறது, கீழ் செட் ஏன் நழுவுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். ஈரமான இரண்டு எவர்சில்வர் தட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சில் என்கிற மெல்லிய ஏட்டினால் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. கீழே அண்ணம் கிடையாது, நடுவில் நாக்கு இருக்கிறது. அதனால் கீழ் செட் குதிரை லாடம் மாதிரி இருக்கும். உட்கார இடம் மேலே கிடைப்பதில் பாதிதான். போதாததற்கு நாக்கும் வாயின் அடித்தளமும் அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே கீழ் செட் கொஞ்சம் ஆடினால் செட் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். ஊரில் எல்லாருக்கும் கீழ் செட்தான் பிரச்சினை. மாமியாருக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வாய் வறண்டால் இந்தப் பிடிப்பு குறையும். சர்க்கரை நோயும், ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடுகிற சில மாத்திரைகளும் எச்சிலைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பல் டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தாலே நிறைய உதவும்.

நாக்கு எங்கே இருக்க வேண்டும்

இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி டாக்டர் சொன்னார். வாயைத் திறக்கும்போது நாக்கைப் பின்னால் இழுத்துக்கொள்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நாக்கு பின்னால் போனால் கீழ் செட் அநாதையாகிவிடும், தூக்கிக்கொண்டு வரும். நாக்கின் நுனி கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை லேசாகத் தொட்டபடி, நாக்கின் இரு ஓரமும் செட்டின் மேல் சாய்ந்தபடி இருக்க வேண்டும். அரிசி களைந்துகொண்டு, டிவி பார்த்துக்கொண்டு, எந்த நேரத்திலும் இதைப் பழகலாம். எனக்குப் பத்து நாளில் பிடிபட்டது. அதுவரை கும்பிடு போடக் குனிந்தாலே கீழ் செட் எட்டிப் பார்க்கும்.

சாப்பாடு

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், நானும் இதில்தான் அதிகம் தடுமாறினேன். முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்: சொந்தப் பல்லின் கடி வலுவில் முழு செட் கால்வாசி தந்தால் அதிகம். செட் பல் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எலும்புக்குள் வேர் இல்லை. பழைய வேகத்தில் சாப்பிட நினைத்தால் அழுகைதான் வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் மெல்லவே வேண்டாம். குழைந்த சாதத்தில் ரசம், கேழ்வரகுக் கூழ், பருப்புக் கடைசல், மோர், மசித்த வாழைப்பழம். அதற்குப் பிறகு இட்லி, இடியாப்பம், பஞ்சு மாதிரி ஊத்தப்பம், அவித்த முட்டை, கீரை மசியல், முள்ளில்லாத மீன். இரண்டாம் வாரம் பொடியாக நறுக்கி வேகவைத்த காய், மூன்றாம் வாரம் சப்பாத்தியைப் பருப்பில் ஊறவைத்து. கைமா, வேகவைத்த சுண்டல், நறுக்கிய ஆப்பிள் இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல். இது என் வாயின் கால அட்டவணை. உங்களுக்கு முன்னே பின்னே ஆகலாம். ஆனால் ஒன்று, கஞ்சியிலேயே காலத்தை ஓட்டிவிடக் கூடாது. பல் போனவர்கள் வெறும் சாதம், பன், டீ என்று இறங்கிவிடுவார்கள், உடம்பு உருகிப்போகும். பருப்பு, முட்டை, தயிர், மீன் ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் கூழும் கஞ்சியும் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மெல்லுவதில் இரண்டு விதி. முதலாவது, முன்பல்லால் கடிக்காதீர்கள். முன்னால் கடித்தால் மேல் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு காற்று புகுந்துவிடும். மாம்பழம், கொய்யா, வடை எதுவானாலும் பிய்த்து அல்லது நறுக்கி, சிறு துண்டாக வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது, ஒரு பக்கமே மெல்லாதீர்கள். வாயில் போட்ட கவளத்தைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் மெல்ல வேண்டும். தராசு மாதிரி, ஒரு தட்டில் மட்டும் எடை போட்டால் மறு தட்டு எழும்புமல்லவா. கேட்கச் சுலபமாக இருக்கும். 60 வருடம் வலது பக்கம் மென்ற வாய்க்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நான் மெல்லுகிற வேகத்துக்கு அந்த நூறும் சாப்பாட்டிலேயே கழிந்துவிடும் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

சூடு விஷயத்தில் கவனம் தேவை. அண்ணம் மூடியிருப்பதால் காபியின் சூடு உள்ளே போன பிறகுதான் தெரியும், அதற்குள் தொண்டை வெந்துவிடும். டபராவில் ஆற்றி, உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் குடியுங்கள். மீன் முள்ளும் அப்படியே. அண்ணத்தில் குத்தினால்தான் முள் இருப்பது நமக்குத் தெரியும், அங்கே பிளாஸ்டிக் இருந்தால் முள் சத்தமில்லாமல் தொண்டைக்குப் போய்விடும். முதல் சில மாதம் முள் நிறைந்த மீன் வேண்டாம். பிறகும் விரலால் பிசைந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். எலும்புத் துண்டுக்கும் இதே எச்சரிக்கை.

"ருசியே தெரியலை" என்று முதல் வாரம் எல்லாரும் சொல்வார்கள். உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் பெரும்பாலும் நாக்குக்குத்தான் தெரியும், அது அப்படியேதான் இருக்கிறது. அண்ணம் உணர்கிற மென்மை, சொரசொரப்பு, சூடு மட்டும் மறைந்துபோனதால் ருசி குறைந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் மூளை சமாதானம் ஆகிவிடும். அதுவரை குழம்பில் உப்பைக் கூட்டாதீர்கள்.

சில பண்டங்கள் செட்டுக்கு எதிரி. கடலை மிட்டாய், அல்வா, பலாச்சுளை பிடித்து இழுக்கும். எள்ளுருண்டை, கொய்யா விதை, தக்காளி விதை, ரவை உப்புமா குருணை எல்லாம் அடியில் நுழைந்து ஊசி மாதிரி குத்தும். நடுச் சாப்பாட்டில் அப்படி ஆனால் வெட்கப்படாமல் எழுந்துபோய்க் கழற்றி அலசிவிட்டு வாருங்கள். கரும்பும் கொட்டைப் பாக்கும் மறந்துவிடுங்கள். பாக்குக்காரர்களுக்கு என் பரிதாபம், ஆனால் வாய்ப் புற்றுநோய் பயத்தில் அது போனதே நல்லது.

பேச்சு

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பல் வந்தாலும் சொல் உடனே வராது என்பதையும் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். த, ந சொல்ல நாக்கு மேல் பல்லின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். ட, ண, ழ வர அண்ணத்தின் பக்கம் மடங்க வேண்டும். இப்போது அங்கெல்லாம் பிளாஸ்டிக் கனம் ஏறியிருக்கிறது, நாக்கு பழைய தூரத்தைக் கணக்குப் போட்டு முட்டிக்கொள்கிறது. ஸ வந்தால் விசில் அடிக்கும்.

தனியறையில் உட்கார்ந்து தினமும் கால் மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள். மெதுவாகப் படிக்க வேண்டும். எந்தச் சொல்லில் தடுக்குகிறதோ அதைப் பத்து முறை சொல்லுங்கள். சின்ன வயதில் சொன்ன நாப்பிறழ்ச்சி விளையாட்டெல்லாம் இப்போது மருந்து. "யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை" த, ச இரண்டுக்கும். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" ழ-வுக்கு. என் பேத்தி எனக்கு வாத்தியார். "அப்பாயி, மறுபடி சொல்லு" என்று பிரம்பில்லாமல் விரட்டினாள். எனக்குக் கடைசிவரை தகராறு செய்தது எழுபத்தேழு. போனில் ஆர்டர் எடுக்கிற தொழிலில் அந்த எண் வராமலா இருக்கும்.

பேசும்போது செட் டக் டக்கென்று இடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லையென்றால் கடி உயரம் கூடுதலாக இருக்கக்கூடும். அது உங்கள் குற்றம் இல்லை, போய்க் காட்டுங்கள்.

புண்

பாட்டிலுக்குள் போகிற செட்டெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் போகிறது. முதல் வாரத்தில் எங்காவது ஓரிடத்தில் உறுத்திச் சிவந்து புண்ணாவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடப்பது. செருப்பு கடிப்பது மாதிரி. செட் கொடுத்த மறுநாள் அல்லது ஒரு வாரத்துக்குள் ஒரு முறை வரச் சொல்வார்கள். உறுத்தல் இல்லாவிட்டாலும் போங்கள்.

வலி தாங்காமல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் புண் ஆறின பிறகு டாக்டரிடம் போகிறவர்கள் நிறைய. அவர் வாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எந்த இடத்தைத் தேய்ப்பார்? போகிற நாளுக்கு முந்தின நாளிலிருந்து, குறைந்தது அன்று காலையிலிருந்தாவது செட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். சிவப்புத் தடம் இருந்தால் அவர் ஒரு பசையைத் தடவி, அழுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு நிமிடம் தேய்த்துக் கொடுப்பார். உடனே சொர்க்கம் தெரியும். நான் முதல் மாதத்தில் நாலு முறை போனேன். நாலாவது முறை கூச்சமாக இருந்தது. டாக்டர் தலை நிமிராமலே, "வராதவங்கதான் எனக்குக் கவலை" என்றார்.

அரத்தையோ உப்புக் காகிதத்தையோ எடுத்து நீங்களே தேய்க்க வேண்டாம். தப்பான இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் பிடிப்பே போய்விடும். வலிக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கட்டி எதுவானாலும் ஒத்திப்போடாமல் காட்டுங்கள். புகையிலை, வெற்றிலைப் பாக்குப் பழக்கம் இருந்தவர்கள் முக்கியமாக. உதட்டோரம் வெடித்துக்கொண்டே இருந்தாலும், அண்ணம் செட் அளவுக்குச் சிவந்து கிடந்தாலும் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது, எச்சில் தொட்டு வைப்பதால் போகாது.

சுத்தம்

சாப்பிட்டதும் கழற்றி ஓடும் தண்ணீரில் அலசுங்கள். ராத்திரி ஒருமுறை மென்மையான பிரஷும் கை கழுவுகிற திரவ சோப்பும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பற்பசை வேண்டாம். அதில் இருக்கிற தேய்ப்பான் அக்ரிலிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அழுக்கும் கிருமியும் அதில் குடியேறும். கரி, சாம்பல், உப்பு, பல்பொடி இதற்கெல்லாம் சொந்தப் பல்லே தாங்காது. கழுவும்போது தொட்டியில் அரைப் பங்கு தண்ணீர் நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் கீழே துண்டை விரியுங்கள். சோப்பில் வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டு துண்டு.

கொதிநீர் ஆகவே ஆகாது. கிருமி சாகட்டும் என்று இட்லிப் பானையில் வைத்து எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். செட் கோணிக்கொண்டது, புதுசு கட்ட வேண்டியதாயிற்று. ஊறவைக்கிற மாத்திரை கடையில் கிடைக்கிறது. அதை டப்பாத் தண்ணீரில் போட வேண்டும், வாயில் போடக் கூடாது. வீட்டில் சொல்லி வையுங்கள், மாத்திரை என்றதும் விழுங்கிவிடுகிற பெரியவர்கள் உண்டு. ஊறிய செட்டை அலசிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

செட்டைக் கழற்றிய பிறகு ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் ஈரத் துணியாலோ மென்மையான பிரஷாலோ துடையுங்கள்.

தூங்கப் போகும்போது செட் வெளியே இருக்கட்டும். ஈறும் மூச்சு விட வேண்டாமா? ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களை வைத்துச் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வருகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. செட்டைத் தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள், காய்ந்தால் வடிவம் மாறும். மூடியுள்ள டப்பாவாக இருக்கட்டும், டம்ளர் வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் நடு ராத்திரியில் தாகத்தோடு எழுந்தவர் வீட்டுக்காரர். நாய் வளர்க்கிற வீட்டில் டப்பா எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். நாய்க்கு அது எலும்பு. பல் எடுத்த அன்றே மாட்டிய செட்டுக்கு மட்டும் முதல் ராத்திரி விதி வேறு, கழற்றினால் வீக்கத்தில் மறுபடி மாட்ட முடியாமல் போகலாம். உங்கள் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

ஒட்டும் பசை

நன்றாகப் பொருந்திய செட்டுக்குப் பசை கட்டாயமில்லை. கல்யாணம், மேடைப் பேச்சு, வாய் வறட்சி என்று தேவைப்பட்டால் கொஞ்சமாகப் போடலாம். காய்ந்த சுத்தமான செட்டின் உள்பக்கம் மூன்று நாலு புள்ளி போதும், ஓரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வழிந்து வாயெல்லாம் கொழகொழக்கும். துத்தநாகம் சேராததாகக் கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் அள்ளிப் பூசியவர்களுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து, கை கால் நரம்பு பாதித்திருக்கிறது. தினமும் பசை இல்லாமல் நிற்கவில்லையென்றால் செட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும், டியூப்பைப் பெரிதாக வாங்கக் கூடாது.

வெளியே போகும்போது

தும்மல், இருமல், கொட்டாவி வந்தால் கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோங்கள், மரியாதைக்கும் ஆச்சு, செட்டுக்கும் ஆச்சு. பேருந்தில் வாந்தி வரும் என்று தெரிந்தால் முதல் வேலை செட்டைக் கழற்றி டப்பாவில் போடுவது. ஜன்னல் வழியாகப் போன செட் திரும்பி வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் முன் செட் இருப்பதைச் சொல்லிக் கழற்றிக் கொடுங்கள். காகிதத்தில் சுருட்டித் தலையணை அடியில் வைக்காதீர்கள், குப்பையோடு போய்விடும். பெயர் எழுதிய டப்பா வேண்டும். உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி எடுத்துப் போங்கள். உடனே ஒட்டுகிற பசையை நீங்கள் போட்டுவிட்டால் துண்டுகள் சரியாகச் சேராது, லேப்காரருக்கும் வழி இருக்காது.

ஆறு வாரத்துக்கு அப்புறம்

ஆறு வாரத்தில் செட் வாயில் இருப்பதே மறந்துபோகிற நேரங்கள் வர ஆரம்பிக்கும். எனக்கு அது ஒரு மதியத் தூக்கத்தில் தெரிந்தது, எழுந்த பிறகுதான் கழற்றாமல் படுத்தது ஞாபகம் வந்தது. சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

பழகிவிட்டது என்று டாக்டரை மறந்துவிடாதீர்கள். எலும்பு கரைவது நிற்பதில்லை. கீழ்த் தாடையில் மேல் தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரையும். செட் அப்படியே இருக்கும், வாய் மாறிக்கொண்டே இருக்கும். வருடம் ஒருமுறை காட்டுங்கள். தளர்ந்தால் உள்பக்கம் மட்டும் புது அக்ரிலிக் நிரப்பித் தருவார்கள், புதுசு கட்டுவதைவிடச் செலவு குறைவு. ஐந்திலிருந்து ஏழு வருடத்தில் செட்டையே மாற்ற வேண்டிவரும். பல் தேய்ந்து தட்டையானால் கடி உயரம் குறைந்து, வாய் மறுபடி பொக்கையாகத் தெரியும். கீழ் செட் எதற்கும் நிற்காதவர்கள், எலும்பில் இரண்டு திருகைப் பதித்து அதன் மேல் கீழ் செட்டைப் பூட்டுகிற முறையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காசு அதிகம், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஐந்து மாதம் நான் கடிக்கவில்லை. விரலால் ஒடித்துக் காதுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்பேன். மொறுக்கென்று ஒரே இடத்தில் ஒடிந்தால் பதம், வளைந்து ஒடிந்தால் இன்னும் ஒரு நிமிடம் எண்ணெயில் இருக்க வேண்டும். 30 வருடம் பல் சொன்னதைக் காதும் சொல்லும் என்று அப்போதுதான் தெரிந்தது. போன தீபாவளிக்கு முதல் ஈட்டில் ஒரு சுற்றை உடைத்து, சுண்டு விரல் நகம் அளவுத் துண்டு இரண்டை எடுத்து, இந்தக் கடைவாயில் ஒன்று, அந்தக் கடைவாயில் ஒன்று வைத்து மெதுவாக இறக்கினேன். எண்ணெய் சட்டியோடு நின்ற மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓமம் பத்தலை" என்றேன்.